குறுக்கு வெட்டு

முதல் நாள் வகுப்பில்
நான் வனைந்த குவளையை வாங்கி
நடுவாலே கம்பியை இழுத்தா தயாளினி டீச்சர்.
இரண்டு பாதியையும் பலகையில் வைத்து
'சுவரைப் பாருங்கோ' என்றா.
அடி தடிப்பு. கழுத்து கடதாசி.
எனக்கு அறுபது, அவவுக்கு முப்பத்தெட்டு.
சீனக்குடா மாவாலையில்
மூட்டை எண்ணின கை கூசியது.

அப்போது அவ செய்ததெல்லாம் வெள்ளை.
முட்டைக்கோது மாதிரிக் கோப்பைகள்;
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
அந்தப் பக்கத்து விரல் நிழலாகத் தெரியும்.
நிலாவெளி ஹோட்டல்கள் டசின் கணக்கில் எடுத்தன.
எது முதல் செய்தது எது கடைசி என்று
அவவுக்கே தெரியாது.

பிறகு ஒரு மத்தியானம்
உவர்மலை வளவில் காயவைத்த தட்டுகளில்
மான் ஏறி நடந்துவிட்டது.
(எங்கட ஊர் மான்; பஸ் ஸ்டாண்டில்
வாழைப்பழத் தோலுக்கு வரிசையில் நிற்கிறது.)
குளம்பு பதிந்ததையும் சுட்டெடுத்தா.
கொழும்புக் கண்காட்சியில் அதுதான் நடுவில்.
'திருப்புமுனை' என்று பேப்பரில் போட்டார்கள்.
வாசித்துவிட்டு எங்களிடம் சொன்னா:
'மானுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.
கரண்ட் பில்.'

இரண்டு தரம் சுடக் கட்டாமல்
பச்சை மண்ணிலேயே பூச்சை ஊற்றி
ஒரே சூட்டில் இறக்கின வருசம் அது.
பாதி வெடித்தது.
மிச்சம் ஆரும் கேளாத நிறத்தில் வந்தது,
மழைக்கு முந்தின கொட்டியாரக் குடா.

அதையும் விட்டா.
புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பிசைந்து
பூச்சில்லாத சாடிகள், பொரிந்து,
ஒரு பக்கம் சாய்ந்து.
நிலாவெளிக்காரர் இப்போது ஃபோன் எடுப்பதில்லை.
நான் ஒன்று வாங்கிப் போனேன்.
'இதுக்குள்ள பூவும் வைக்கேலாது' என்றாள் மனைவி.
குடை வைத்திருக்கிறோம்.

எங்கட குவளைகளையும் இப்போது வெட்டுவதில்லை.
சுட்டுக் கையில் தந்து
'ஒரு மாதம் இதில தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.'
குடித்தேன்.
விளிம்பின் தடிப்பைச் சொண்டு சொன்னது;
பத்தாம் நாளே விளங்கிவிட்டது,
மிச்ச இருபது நாளும் குடித்தேன்.

போன செவ்வாய், ஈரம் காயாத குவளையோடு
நானே போய்க் கேட்டேன்: வெட்டுங்கோ.
கம்பி எங்கே என்று தெரியாது என்றா.
மருமகனின் தங்கூசி சட்டைப் பைக்குள் கிடந்தது.
ஆளுக்கொரு நுனி பிடித்து இழுத்தோம்.

அடி இன்னும் தடிப்புத்தான்.
தங்கூசி போன வழியெல்லாம்
கறுப்பு மணல் கோடு கோடாகக் கீறியிருந்தது.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தா,
கனநேரம்.
பிறகு ஒரு பாதியை ஈரத்துணியில் சுற்றி
தன்ர இறாக்கையில் வைத்தா.
மற்றதைப் பழமண் வாளிக்குள் போட்டா.