ஏழாம் ஜன்னல்

மூன்றாம் நாளாக மூடுபனி.
வாகர் ஓடுதளத்தில் இறங்கவேண்டிய விமானம்
தலைக்குமேல் இரண்டு சுற்று உறுமிவிட்டு
பெர்கனுக்குத் திரும்பிப் போனது.
சுமையில்லாத சுமைதூக்கி நான்
வீட்டுக்கு வந்து
கணினியில் அதே விமானத்தை
அதே ஓடுதளத்தில் இறக்கினேன்.
ஒரே முயற்சி. வெண்ணெயில் கத்தி.

அதுதான் கோளாறு.

நிறுத்திப் பிடித்த படத்தில்
எல்லாம் குளித்துத் தலைவாரி நிற்கின்றன.
டயர்கள் பிறந்ததிலிருந்து தரையைத் தொட்டதில்லை.
புல் முழுக்க ஒரே பச்சை.
கடலுக்கு யாரும் உப்புப் போடவில்லை.

அழுக்குச் சேர்க்க உட்கார்ந்தேன்.
எஞ்சின் வாயோரம் புகைக்கரி,
தூரிகை அளவு நான்கு, அடர்த்தி பன்னிரண்டு சதம்.
அடிவயிற்றில் எண்ணெய் வழிந்த கோடு,
காற்று இழுத்த பக்கமாக.
தொடுவானத்தை ஒன்றரை பாகை சாய்த்தேன்;
இந்த ஊர்க் காற்றில்
எந்தக் கை நடுங்காமல் படம் எடுத்திருக்கிறது?
டின்ட்ஹோல்முர் தீவின் ஐந்து கொம்புகளில்
மூன்றை அழித்தேன்.
மலை முழுதாகத் தெரிந்தால்
இங்கே ஒருவரும் நம்பமாட்டார்.
லென்ஸில் ஏழெட்டு மழைத்துளி.
அதன்மேல், மலிவான கேமராக்கள் தூவுகிற பொடிமணல்.

தீயணைப்பு வண்டி ஓட்டும் ரான்வா
ரொட்டியை மென்றபடி எட்டிப் பார்த்தாள்.
"ஆடு எங்கே?"

ஒன்பது ஆடு சேர்த்தேன்.

"எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறதே,
எந்த ஆட்டுக்கு அவ்வளவு கிறுக்கு?"

எட்டைத் திருப்பினேன்.
ஒன்பதாவது பாறைக்குள் மாட்டிக்கொண்டு
திரும்பவே மாட்டேன் என்றது.

மறுநாளும் பனி.
காபி இயந்திரத்தின் பக்கத்தில்
ஹெய்னியிடம் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஒரு குரல்:
"இது எப்போது இறங்கியது?"

மால்ஃபிரிட்.
மூன்று நாளாக அதே நாற்காலி.
கண் அறுவைக்குக் கோபன்ஹேகன் போன சாமல்
ஒற்றைக் கண்ணில் கட்டோடு
பெர்கனில் ஏதோ ஓட்டலில் கிடக்கிறார்.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான்.
ஒளிக்கமாட்டேன், பெருமைதான்.
அதற்குள் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு
கவுன்டரை நோக்கி நாலு எட்டு வைத்துவிட்டார்.
"நேற்று ஒன்று இறங்கியிருக்கிறது,
எங்களிடம் சொல்லவில்லை நீங்கள்" என்று
கவுன்டர்ப் பெண்ணுக்கு ஒத்திகை பார்த்தபடி.

ஓடிப்போய் மறித்தேன்.
அவர் முன்னால் ஒவ்வொன்றாக உரித்தேன்.
மணல் உதிர்ந்தது. மழை நின்றது.
மலைக்குக் கொம்பு முளைத்தது.
ஆடுகள் போயின.
கரி போய், எண்ணெய் போய்
கடையில் வாங்கிய பொம்மைபோல்
பளபளவென்று நின்றது விமானம்.

திட்டுவார் என்று நின்றேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
திரையை மூக்கருகே கொண்டுபோய்
நெடுநேரம் பார்த்தார்.
"ஜன்னலில் ஒருவரும் இல்லை.
அதை முதலிலேயே பார்த்திருக்கவேண்டும் நான்"
என்றார்,
தன்னையே குறைசொல்கிற தொனியில்.

ஐந்தாம் நாள் காலை வானம் விட்டது.
இடது சக்கரம் முதலில் தொட்டது,
யோசித்துவிட்டு வலது.
சாமான் வண்டியை ஒட்டி நிறுத்தி
நிமிர்ந்தபோது
ஏழாம் ஜன்னலில் உள்ளிருந்து படிந்த
மூச்சின் வட்டம்.
வட்டத்துக்கு மேலே வெள்ளைக் கட்டு,
பக்கத்தில் ஒரு கண்.
கையுறையோடு கையசைத்தேன்.
அந்தக் கண்ணுக்கு என்னால் ஆவதொன்றுமில்லை,
அது கட்டடத்தின் கண்ணாடிக் கதவுகளை
ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தது.

இரவு படத்தைத் திறந்தேன்.
ஏழாம் ஜன்னல். இருப்பதிலேயே சிறிய தூரிகை.
வெள்ளை, மூன்று சதம்.
பெரிதாக்கிப் பார்த்தாலும்
துடைக்காத கறை என்றுதான் தோன்றும்.

யாருக்கும் காட்டவில்லை.
பாறைக்குள் மாட்டிய அந்த ஆடு
இன்னமும் காற்றைப் பார்த்தே நிற்கிறது.