ஐந்து புள்ளி மூன்று

ஐந்தைத் தொட்டால் குப்பை.
அது நான் கிழித்த கோடு.
பொர்தோவிலிருந்து வந்த கடிதம்
ஐந்து புள்ளி மூன்று வாங்கியிருந்தது.

துய்மா வீதியில் எங்கள் அலுவலகம்:
பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவோம்.
எட்டு மேசை, ஒரு சர்வர்,
அந்தச் சர்வருக்கு நான்.

மூன்று மாதமாய்ப் பணம் வரவில்லை என்று
மதாம் லெயோனி சவரிமுத்து
கவுண்டரில் கைப்பையை வைத்தார்.
குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.
'அனுப்பினோம் என்கிறார்கள் அவர்கள், மிஸ்ஸே.
வரவில்லை என்கிறீர்கள் நீங்கள்.
யாரோ ஒருவர் பொய்.'

இரண்டும் மெய்யாக இருக்கலாம் என்பது
அந்த நேரத்தில் எனக்கே தோன்றவில்லை.

தடுத்து வைத்த கடிதங்கள் ஆயிரத்து நூற்று நாற்பது.
மயிர் வளர்க்கும் எண்ணெய்க்கும்
ஏதோ ஓர் இளவரசனின் உயிலுக்கும் நடுவே
கிடந்தது அது:
'நீங்கள் உயிரோடிருப்பதை
முப்பது நாளுக்குள் நிரூபிக்காவிட்டால்
கொடுப்பனவு நிறுத்தப்படும்.'

உண்மையைச் சொல்கிறேன்,
கையில் வாங்கிப் படித்திருந்தால்
நானும் கிழித்துப் போட்டிருப்பேன்.

கடிதத்தின் தலைப்பகுதியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.
கடைசி வரியில்தான் பயணம் தொடங்கும்.
மதியச் சாப்பாட்டை மறந்து படித்தேன்.
'அவசரம்' என்ற சொல்லுக்குப் பூச்சியம் புள்ளி ஒன்பது.
சிவப்பு எழுத்துக்கு நாலு.
அந்நிய மொழிக்கு ஒன்றரை.

அந்நிய மொழி!
வீதிப் பலகை பாதி அதில் நிற்கிற ஊரில்.
எந்த மடையன் எழுதிய விதி என்று தேடினால்
என் பெயரும், போன கார்த்திகைத் தேதியும்.

அந்தக் கார்த்திகையில்தான் கணக்குப்பிரிவு வடிவாம்பிகை
இதே போன்ற ஒரு பிரெஞ்சுக் கடிதத்தை நம்பி
முப்பத்தெட்டாயிரம் இழந்து
ஜெராக்ஸ் மெஷின் மேல் தலை சாய்த்து அழுதாள்.
அன்றிரவே எழுதினேன். கோபத்தோடு எழுதினேன்.
விதிக்குக் கோபம் தெரியாது, எண் மட்டும் தெரியும்.

இன்னும் இரண்டரை மீதி இருந்தது.
பாதி, வழி மாறி வந்ததற்கு:
மதாம் கொடுத்தது எங்கள் பழைய முகவரி.
அது புதியதற்குத் தள்ளிவிடும்.
பொர்தோ பெயர் சொல்லிக்கொண்டு
முத்தியால்பேட்டைச் சர்வர் கதவைத் தட்டினால்
காவல்காரன் சந்தேகப்படத்தானே செய்வான்.

அடுத்தது முத்திரை.
அங்கே குத்தி அனுப்பியது முழுசாகத்தான் வந்திருக்கிறது.
தள்ளிவிடும்போது பழைய பெட்டி
அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறது:
'அச்சிடும் முன் மரங்களை நினையுங்கள்.'
ஓர் எழுத்து கூடினாலும் முத்திரை செல்லாது.
மரங்களை நினைத்தோம்.
லெயோனியை நினைக்கவில்லை.

'அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும்
கண்ணை மூடிக்கொண்டு விடு' என்றார் இஞ்ஞாசி சார்.
மாட்டேன் என்றேன்.
பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், சார்,
முத்திரைதான் கேட்கணும்.
மர வரியை எடுத்தேன்.
மொழி விதியை அழித்தேன்,
அழிக்கும்போது வடிவாம்பிகை மேசையைப் பார்க்கவில்லை.
ஐந்து மணிக்கு அதே கடிதத்தைத் திரும்ப ஓட்டினேன்:
இரண்டு புள்ளி ஆறு.

மதாம் படிவத்தில் கையெழுத்திட்டார்.
'உயிரோடிருக்கிறேன்' என்ற இடத்தில்
பேனா மை விடவில்லை.
உதறி, மறுபடி எழுதினார்.

அன்று மாலையே
எல்லா முத்திரையும் சரியாக,
வழி பிசகாமல், இலக்கணப் பிழை இல்லாமல்
என் பெட்டிக்குள் வந்து அமர்ந்தது ஒரு லாட்டரி.
பூச்சியம் புள்ளி இரண்டு.

எல்லோரும் போய்விட்டார்கள்.
மீதி ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பதை
ஒவ்வொன்றாய்த் திறக்கிறேன்.
எண்ணெய். எண்ணெய். உயில்.
எண்ணெய்.
இது
திரு. அமலோற்பவம் அவர்களுக்கு, ஜனவரியில்.