இரண்டாம் வாசிப்பு

முந்தின நாளே சொற்பட்டியல் வந்துவிட்டது.
உரிமம். உரிமையாளர் தகுதிச் சோதனை. பிணைத்தொகை.
பன்னிரண்டாம் வரியில்
சுயேச்சையான ஒழுங்காணையர்.
அடித்துவிட்டு, சார்பற்ற என்று எழுதி
அதையும் அடித்தேன்.
ரெகுலேட்டர் என்றால் எங்கள் வீட்டில்
மின்விசிறிக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று.
முதலாவது மூன்றில் சிக்கி நான்கு வருடமாகிறது.
இரண்டாவது கசிந்தால் மூக்கு சொல்லும்.
கிளப் கசிந்தபோது
எவர் மூக்கும் எதுவும் சொல்லவில்லை.

கண்ணாடி அறை. மைக்கில் சிவப்பு விளக்கு.
கீழே அமைச்சர் எழுகிறார்.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
நான் இந்த மசோதாவின்
இரண்டாம் வாசிப்பை முன்மொழிகிறேன்.
பதினேழு வருடமாக
என்னுடைய 'நான்' இந்த அறைக்கு வெளியே
செருப்போடு கிடக்கிறது.

"சில கழகங்களில்" என்கிறார்.
சில கழகங்களில், என்கிறேன்.
அவர் பெயர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை
கிராஞ்சி ஸ்டார்ஸ் என்று.

என் தம்பி குணாளன் அங்கே ஜெர்சி பார்த்தவன்.
சலவைக் கடையில் பாக்கி ஏறியதும்
மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.
பதினோராம் மாடி, சமையலறை ஜன்னல்,
மூங்கில் கழிகளில் ஒரு முழு அணி
உட்லண்ட்ஸ் காற்றில் கைவீசி நின்றது.
கோல்கீப்பர் ஹைருலின் மஞ்சள் சட்டை
எப்போதும் கடைசிக் கழியில்,
இடம் தெரிந்தவன் போல.
மூன்றாம் வாரம் நகர மன்றக் கடிதம்:
கீழ்வீட்டார் துணிமேல் நீர் சொட்டுகிறது.
சொட்டும் நீருக்கு விதி இருந்தது.
எண்ணும் உட்பிரிவும் போட்டிருந்தார்கள்.

சம்பளம்தான் ஐந்து மாதம் சொட்டவில்லை.
மசேநி அறிக்கையில் ஐந்து வெற்று வரிகள்.
உரிமையாளர் தங்கமான மனிதர் என்றார்கள்.
தீபாவளிக்குக் கூடை அனுப்புவார்.
அந்த வருடமும் அனுப்பினார்:
முந்திரி, ஒரு டின் பிஸ்கட், பளபளக்கும் தாள்.
குணாளன் அந்தத் தாளைக்கூடக் கிழிக்காமல் பிரித்தான்.

நிலுவை ஊதியம். பட்டியலில் ஒன்பதாம் வரி.
அமைச்சர் அந்த இடத்துக்கு வந்தபோது
என் வாய் சொன்னது
வயிற்றில் அடித்த காசு.
இரண்டு விநாடி.
பக்கத்து இருக்கையில் வேதவல்லி
பேனாவைக் கீழே வைத்தாள்.
நிலுவை ஊதியம், என்று திருத்தினேன்.
தமிழ் அலைவரிசையில் எத்தனை பேரோ,
கீழே ஒரு தலை மட்டும் நிமிர்ந்தது,
காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டது.

"அமைச்சரே நியமித்தால் அவர் எப்படிச் சுயேச்சை?"
என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார்.
அமைச்சர் புன்னகைத்தார்.
புன்னகைக்கு என்னிடம் வேலையில்லை.

சட்டம் என்ற சொல்லை அன்று
அறுபது தடவையாவது சொல்லியிருப்பேன்.
தச்சனைக் கேட்டால் வேறு சொல்வான்:
இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை.
கிளப் மூடிய வாரம் திடலுக்குப் போயிருந்தேன்.
வலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
சட்டம் மட்டும் நின்றது.
ஒரு பையன் உதைத்துக்கொண்டே இருந்தான்.
உள்ளே போன பந்தும் வெளியே போன பந்தும்
ஒரே வடிகாலில் விழுந்தன.

மாலையில் நிறைவேறியது.
சாங்கியில் பெட்டி ஏற்றும் இரவு வேலைக்கு
காலுறை மாட்டியபடியே குணாளன் கேட்டான்,
"பழசுக்கும் செல்லுமா?"
நாற்பத்தொன்றாம் பிரிவு.
நாளெல்லாம் பேசியதில் ஒற்றைச் சொல்,
யாருக்காகவும் இல்லாமல் நானே சொன்னது:
"செல்லாது."

தலையாட்டினான்.
போகிற போக்கில் விசிறி ரெகுலேட்டரைத்
திருகிப் பார்த்தான். மூன்று.
"ராத்திரி மழையாம்,
கழியை உள்ள எடுத்து வை" என்றான்.