இரவுக் கட்டணம்

பத்து மணிக்கு மேல் கரண்ட் கொஞ்சம் மலிவு.
ஜெகதேவி ரோட்டில் எங்கள் கிரானைட் கம்பெனி
அதனால்தான் ராத்திரியில் கண் விழிக்கிறது.
என் வேலை கேட்பது.
சுத்தியலால் கல்லின் நெற்றியில் ஒரு தட்டு.
வெண்கலமாய்த் திரும்பினால் நல்ல கல்.
தொப்பென்று விழுந்தால்
உள்ளே எங்கோ ஒரு மயிர்க்கோடு.
சாக்பீஸில் பெருக்கல் குறி. அடுத்தது.

வெரோனாவிலிருந்து கல் எடுக்க வந்தவர்
ஆபீஸ் மேஜையில் பென்டிரைவை மறந்துவிட்டுப் போனார்.
பதினோரு பாட்டு.
பாட்டு என்று நான்தான் சொல்கிறேன்,
பாடுகிறவர் யாரும் இல்லை.
பெயரும் இல்லை, எண் மட்டும்,
எங்கள் பிளாக்குகளுக்குப் போடுவதுபோல.

மஸ்டர் ரோலைப் பார்த்து நானே பெயர் வைத்தேன்.
டிரம்ஸ்காரர் திம்மராயன்,
கம்ப்ரசர் நின்றாலும் கால் ஆட்டம் நிற்காதவன்.
அடியில் தடித்த கம்பியை நடக்கவிடுகிறவர் சாதிக் பாஷா.
முந்தமாட்டார், பிந்தமாட்டார்,
டீ வந்தாலும் அதே நடை.
பியானோ முனிரத்தினம்:
சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டு
மீதி உனக்கே தெரியுமே என்று பார்க்கிறவன்.
டிரம்பெட்டுக்கு மட்டும்
எங்கள் ஷிப்டில் ஆள் கிடைக்கவில்லை.

ஏழாவது பாட்டு.
நான்காவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி.
டிரம்பெட் மேலே ஏறுகிறது, இன்னும் மேலே,
ஏறிய இடத்தில் உதடு வழுக்கி
சுரம் பிளந்துவிடுகிறது.

கல்லாக இருந்தால் குறி போட்டிருப்பேன்.

அவர்கள் நிறுத்தவில்லை.
திம்மராயன் குச்சியைத் தூக்கவில்லை.
பாஷா அதே நடை.
முனிரத்தினம் மட்டும் அந்தப் பிளந்த சுரத்தை எடுத்து
மெதுவாக, வேண்டுமென்றே
இன்னொரு தரம் வாசிக்கிறான்,
தடுக்கி விழுந்தவனின் செருப்பைப் பொறுக்கி வந்து
அவன் காலருகே வைப்பதுபோல.

அடுத்த தடவை வந்தபோது வெரோனாக்காரரைக் கேட்டேன்.
அவர் பாஷை எனக்குத் தெரியாது,
கணக்குப் பார்க்கிற ஹேமாவதி நடுவில் நின்றாள்.
ஐம்பத்தெட்டில் பதிவு செய்தது என்றார்.
நியூயார்க்கில் ஏதோ ஸ்டூடியோ,
நள்ளிரவுக்கு மேல் வாடகை பாதி,
அதனால் ராத்திரி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எதற்கென்று ஹேமாவதிக்கு விளங்கவில்லை.
ஆளுக்கு நாற்பத்தொரு டாலர்.
டிரம்பெட்காரர் அடுத்த குளிரைத் தாண்டவில்லை.
அவர் பெயரையும் சொன்னார்.
சரியாக அப்போதுதான் கட்டிங் மெஷினைப் போட்டார்கள்.
வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.
திரும்பக் கேட்கக் கூச்சமாகிவிட்டது.

நாங்கள் அறுப்பதில் பாதி கல்லறைக்குப் போகிறது.
கன்னங்கரிய பலகை, ஒரு முகம் கண்ணாடி,
பெயர் வரும் இடம் காலி.
அந்த மனிதர்மேல் ஒரு கல் நிற்கிறதா?
கேட்டிருக்கலாம்.
மரக்கூண்டு, சென்னைத் துறைமுகம் வரை லாரி,
பிறகு கப்பல்
என்று கணக்குப் போட்டுப் பார்த்து
யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நேற்று விடியற்காலை மூன்று மணி,
பர்கூர்ப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது.
ஒரு கல் தொப்பென்றது.
நல்ல கறுப்பு, ஒரு நரை கிடையாது.
இன்னொரு தட்டுத் தட்டினேன். அதே தொப்.
சாக்பீஸை வைத்துக்கொண்டு
இத்தனை நேரம் நான் நின்றதில்லை.

குறி போட்டேன்.
கல் வேறு.
கிரேன் தூக்கும்போது
அதன் கீழே திம்மராயன் நிற்பான், நிஜத் திம்மராயன்,
கால் ஆட்டிக்கொண்டு.

பிறகு கையைத் துடைத்துவிட்டு
இயர்போனை மாட்டினேன்.
நான்காவது நிமிடம், பதினோராவது நொடி.
ஏறுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறார்,
காது வைத்தால்தான் கேட்கும்.
எத்தனை தரம் போட்டாலும்
இந்தத் தடவை ஏறிவிடுவார் போலத்தான் இருக்கிறது.