வலது விங்

பெர்க்மான்ஸ் ஆஃப்சைடு என்று
பதினோரு வருஷத்தில் நான் கொடி தூக்கியது
நாற்பத்து மூன்று தடவை.
எண்ணியது நானில்லை, அவன்.
களியக்காவிளைச் சந்தையில் எதிர்ப்பட்டால்
வணக்கத்துக்குப் பதில் அந்த எண்ணைச் சொல்வான்.

நீரோடிக்காரன். செவன்ஸில் முற்றிய கால்.
செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது.
கோலியின் மூச்சு பிடரியில் படும் தூரத்தில்
மீன் வாங்க நிற்பவனைப்போல
சும்மா நின்றுகொண்டிருக்கலாம்.
மலப்புறத்தில் அறுத்த வயல்களில்
கமுகுமரக் காலரி முழுக்க ஆள் ஏறியிருக்க
ஒரு சீசனுக்கு அறுபது ஆட்டம்,
கூலி கையோடு, ரசீது இல்லை.

பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தபிறகு
கோடு என்று ஒன்றைக் காட்டினோம் அவனுக்கு.
அதற்கு முன்பும் ஒன்று இருந்தது.
திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி டீம்
வேலையோடு கூப்பிட்டது.
ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
அடுத்த வருஷம் வா என்றது.
அவன் வீட்டுப் பின்வாசலில் நின்று எறிந்தால்
கல் பொழியூரில் விழும்.
“அதுக்குக் கொடி தூக்கினதும் நீருதானா ஓய்?”
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
நான் டீக்குக் காசு கொடுத்தேன்.

முட்டி போனது கொல்லத்தில், மழையில்.
ஐஸ் பெட்டிமேல் காலை நீட்டி
மீன் லாரியில் ஊர் வந்தான்.
ஐஸ் இருந்தது நல்லதாப் போச்சு என்றாராம் டாக்டர்.
மூன்று வருஷம் வள்ளம்.
நான்காம் வருஷம் கழுத்தில் விசில்.

அவன் கோச்சிங் பண்ணின மைதானத்தைச் சொல்ல வேண்டும்.
கடற்கரைதான் அது.
ஒரு ஆனி மாதம் கார்னர் கொடி போனது.
அடுத்த ஆனியில் ஓரக்கோடு.
அதற்கும் அடுத்ததில் ஒரு கோல்போஸ்ட்டும்
வலது பக்கம் பத்தடி பதினைந்தடி மண்ணும்.
அரசாங்கம் பாறாங்கல் கொட்டியது.
மிச்சமிருந்த ஒற்றைப் போஸ்ட் தூத்தூர்ப் பக்கம்;
அதைப் பார்த்து ஓடினால்
வலது கையருகே கல், கல்லுக்கப்பால் தண்ணீர்.
கிராஸ், பாஸ், கத்தல், கெட்ட வார்த்தை
எல்லாம் இடது பக்கமாகவே வளர்ந்தன.

நாகர்கோவிலில் அரையிறுதி வரை வந்துவிட்டார்கள்.
பத்திரிகைக்காரப் பையன் கேட்டான்,
“முழுக்க இடதுசாரித் தாக்குதலா இருக்கே சார்?”
“பக்கத்து ஸ்டேட்டுக் காத்து அடிக்கும்லா” என்றான் பெர்க்மான்ஸ்.
மறுநாள் பேப்பரில்
நுட்பமான வியூகம் என்று வந்திருந்தது.

அந்த ஆட்டத்தில் நான் லைன்ஸ்மேன்.
முதல் பாதியில் அவன் பிள்ளைகள்
நான் ஓடும் பக்கத்து கோலைத் தாக்கினார்கள்,
அவர்களுடைய வலது ஓரம் என் கோடு.
இருபத்தைந்து நிமிஷம் ஒருத்தனும் வரவில்லை.
நீளமான பச்சைப் புல்லில்
நான் மட்டும் முன்னும் பின்னும் ஓடினேன்.
சுண்ணாம்புக் கட்டத்துக்குள் அவன்,
கட்டத்தைத் தாண்டும்போதெல்லாம்
உள்ளே போம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.
முட்டியைப் பிடித்துக்கொண்டு போவான்.
மறுபடி தாண்டுவான்.

முப்பத்தொன்றாவது நிமிஷம்
யார் காலிலோ பட்டுத் தெறித்த பந்து
முதல்முறையாக எங்கள் பக்கம் வந்தது.
டெலஸ் என்ற பையன் துரத்திக்கொண்டு வந்தான்.
பிடித்திருக்கலாம். முன்னால் யாருமில்லை,
கோலிகூட அந்தப் பக்கம் சரிந்திருந்தான்.
கோட்டுக்குப் பன்னிரண்டு அடி முன்னே
பிரேக் போட்டதுபோல் நின்றான்.
நல்ல புல். கல் இல்லை. தண்ணீர் இல்லை.
நின்றுவிட்டான்.

காலரியில் சிரித்தார்கள்.
பெர்க்மான்ஸ் கத்துவான் என்று நினைத்தேன்.
விசில் கயிற்றைச் சுண்டுவிரலில் சுற்றினான், அவிழ்த்தான்.
பந்து தானாக உருண்டு
என் பூட்ஸ் அருகே கோட்டைத் தாண்டியது.
கொடி தூக்கினேன்.

“நாற்பத்து நாலு” என்றான்.
இது வெறும் த்ரோ, கணக்கில் வராது என்றேன்.
பையன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு
“வரும் ஓய்” என்றான்.