மூச்சு வாங்கும் இடம்

டொலீடோவில் மார்ச் மாதப் பனி சேறாகிக்கொண்டிருந்தது.
கூரியர்காரன் படியில் வைத்துப் போன பெட்டியைக்
கால்விரலால் உள்ளே தள்ளினாள் ஒஸெல்லா டிப்ஸ்.
குனியக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்று தகடுகள். ஐம்பத்தெட்டுப் பாட்டு.
தி வெர்டெட்ஸ்: எல்லாச் சிங்கிள்களும், 1963 முதல் 1975 வரை.
'எல்லா' என்ற சொல்லின் மேல்
காபிக் கோப்பையை வைத்தாள்.

அட்டையில் மூவர், ஆய்த எழுத்தைப் போல.
மேல் புள்ளி வெர்டெல்,
கீழே இடப்பக்கம் கோரீன்,
வலப்பக்கம் இவள்.
ஒரே துணியில் மூன்று கவுன்.
துணி போதாமல் இவளுடையதற்கு மட்டும்
முதுகு வேறு நிறம்.
எந்த மேடையிலும் இவள் திரும்பிச் சுழன்றதில்லை.
கையேட்டில் யாரோ ஒரு பிள்ளை எழுதியிருக்கிறான்:
"டிப்ஸின் அசையாமையில் ஓர் அலாதியான கம்பீரம்."
சிரித்ததில் காபி சிந்தியது.

வெர்டெல் பாட,
இவர்கள் ஊ, இவர்கள் ஆ.
ஒத்து ஊதுவது லேசு என்பவர்கள்
ஒரே சுரத்தில் நின்று பார்க்கட்டும்,
பக்கத்தில் ஒருத்தி
நெஞ்சைப் பிளந்து காட்டிக்கொண்டிருக்கும்போது.

ஏழாவது, 'உன் சாவியை எடுத்துக்கொண்டு போ.'
ஊரே முணுமுணுத்தது.
கைதட்டியவர் யாரெனத் தெரியவில்லை, என்கிறது கையேடு.
கையே இல்லை தம்பி அது.
பலகைமேல் கோரீனின் செருப்பு.
தட்டத் தெரிந்தவன் சம்பளம் கேட்டான்,
கோரீன் கேட்கவில்லை.

பதினான்கு. 'வெள்ளிக்கிழமைக் கூலி', இரண்டாம் பக்கம்.
வெர்டெலுக்குத் தொண்டை கட்டிய நாள்.
இவள் முன்னால் போய் நின்றாள்.
மைக் வெர்டெலின் உயரத்திலேயே இருந்தது,
இறக்கித் தர யாருக்கும் தோன்றவில்லை.
இன்றும் கேட்கிறது,
நுனிக்காலில் நிற்கிற குரல்.
கையேட்டில்: முதன்மைக் குரல், வெர்டெல் ஸ்டக்கி.

பேனாவின் மூடியைத் திறந்தாள்.
செத்தவளிடம் எதைப் பிடுங்குவது?
மூடினாள்.
மறுபடி திறந்து, அடித்து, எழுதினாள்.
செத்தவளுக்கு ஐம்பத்தேழு போதும்.

மூன்றாம் தகட்டைக் கேட்பதாக இல்லை.
எழுபத்திரண்டில் விலகியவள்.
கண்ணாடித் தொழிற்சாலை, இரவு ஷிப்ட்.
கேன்டீன் ரேடியோவில் தானில்லாத தன் குழு பாடும்போது
தட்டோடு நகர்ந்துகொண்டே இருப்பாள்,
வேறு நிலையம் மாற்ற எழுந்தவனைத்
தடுத்ததும் இல்லை.

ஆனால் மூன்று தகடு விழுங்கும் பழைய இயந்திரம்
தானே மாற்றிக்கொண்டது.
அதே சாவிப் பாட்டு, எழுபத்தைந்தில் திரும்பப் பதிந்தது.
வயலின் ஏராளம்.
இஸ்திரி போட்டதுபோல் டிரம்ஸ்.
வெர்டெலின் குரலுக்குள்
சிகரெட்டும் வக்கீல்களும் குடியேறியிருந்தார்கள்.
வலப்பக்க ஸ்பீக்கரில், இவளிடத்தில்,
ஜோஸ்லின் புரூயிட் என்றொரு பெண்.
வயது பத்தொன்பது. இவள் பார்த்ததேயில்லை.
நல்ல குரல், அதுதான் எரிச்சல்.

மூன்றாம் வரியில்
ஒரு சொல்லின் நடுவே
மூச்சு வாங்கினாள் அந்தப் பெண்.

ஒஸெல்லா நிறுத்தினாள். பின்னோட்டிக் கேட்டாள்.

முதல் சுற்றுப்பயணத்தில், அக்ரன் சாலையில்,
வேன் கவிழ்ந்து விலா ஒடிந்தது.
அதிலிருந்து நீள வரியை ஒரே மூச்சில் தாண்ட முடியாமல்
சொல்லைக் கடித்து இவள் வாங்கிய திருட்டு மூச்சு.
ஊசி வைத்து ஊசி வைத்து
இசைத்தட்டு தேயத் தேயக் கேட்டுப் படித்திருக்கிறாள்,
பாட்டே அப்படித்தான் என்று.
ஒடியாத விலாவோடு
நான்கு இடத்திலும்.

கம்பெனிக்கு போன் போட்டாள்.
திருத்தம் சொல்லவா,
அந்தப் பெண்ணின் நம்பர் கேட்கவா என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.
காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டார்கள்,
யாரோ ஒருவனின் தனிப்பாட்டு, துணைக்கு ஆளில்லாமல்.
ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு
சிந்திய காபியைத் துடைத்தபடி
அவனுக்குக் கீழே ஒரு சுரம் எடுத்தாள்.
ஊ.