மூன்று நாள் மழை

பெரில் நோஸ்கேயைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் மழைக் கணக்கு.

டாரவில்கா அஞ்சலகம் என் பொறுப்பில் இருந்த பதினொரு வருடமும்
மாதத்தின் முதல் வேலைநாளில் வருவார்,
நான்காக மடித்த ஒரு தாளோடு.
உறையின் பசையை நாக்கால் தொடமாட்டார்.
என் மேசைப் பஞ்சில்தான் ஒற்றி ஒட்டுவார்.

"உன் பெயரை முழுசாகச் சொல்" என்றார் முதல் மாதம்.
கோமளேஸ்வரி என்றேன்.
தலையாட்டினார். ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
அடுத்த மாதம்
என் மீன் பொரியல் வாசம் வேலி தாண்டுவதாக
நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார்.
எடை போட்டதும் நான்தான்,
முத்திரை விற்றதும் நான்தான்.

ரெக்ஸ் டிராக்டரோடு வாய்க்காலில் கவிழ்ந்த
அறுபத்தெட்டில் தொடங்கியிருக்கிறது இது.
காலை ஒன்பது மணி.
கொல்லையில் கண்ணாடிக் கலத்தைத் தூக்கி
கண்ணுக்கு நேரே பிடித்து
நீரின் குழிந்த அடிவிளிம்பை வாசிப்பார்.
அங்குலத்தில் நூற்றிலொன்று ஒரு பாயிண்ட், அந்தக் காலத்தில்.
பிறகு மில்லிமீட்டர் வந்தது.
தாளில் மில்லிமீட்டர்,
வாயில் கடைசிவரை பாயிண்ட்தான்.

மகள் லினெட் பெர்த்திலிருந்து வந்து
குறிப்பேடுகளை இரண்டு பெட்டியில் போட்டு
பார்சல் அனுப்பத் தந்தாள்.
ஒட்டுமுன் திறந்தேன்.
தபால்காரி செய்யக்கூடாத வேலை.

பக்கம் பக்கமாகப் பூச்சியம்.
வேறு யாராவது என்றால் மேலிருந்து கீழே
ஒரு கோடு இழுத்திருப்பார்கள்.
இவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான்
ஒவ்வொன்றையும் போட்டிருக்கிறார், வட்டம் முட்டும்படி.
பூச்சியத்துக்கு எங்கள் அகராதியில் இரண்டு பொருள் உண்டு.
இரண்டாவதைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார்.

ஓரத்தில் பென்சிலால் சில.
லினெட் கல்யாணம், பூச்சியம்.
ஒரு பெப்ரவரியில் செம்மண் புயல்:
"கலத்தில் மண். மண்ணுக்குக் கட்டம் இல்லை."
மார்பு எடுத்த வாரம் மட்டும் எழுத்து வேறு,
இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத
எதிர்வீட்டுக் காலினுடையது.
நான் வந்த மாதம்:
2.4. அஞ்சலகத்துக்குப் புது ஆள்.
கீழே என் பெயர், அசை அசையாகப் பிரித்து.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
மூன்று விதமான எழுத்துக்கூட்டு,
மூன்றும் பிழை.

செவ்வாய் இரவு போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர்.
வெள்ளி காலைதான் கதவைத் தட்டினோம்.
மற்றவர்கள் உள்ளே நின்றபோது மணி பார்த்தேன்,
ஒன்பதுக்கு ஐந்து நிமிடம்.
கொல்லைக்குப் போனேன்.

நாள் தவறினால் என்ன செய்வதென்று
அட்டையின் உள்பக்கத்தில் அவரே எழுதி வைத்திருந்தார்:
பிரித்துப் போடாதே. ஊகிக்காதே.
மொத்தத்தைக் கடைசி நாளில் எழுது,
எத்தனை நாளுடையது என்று பக்கத்தில் போடு.

பதினொன்று புள்ளி இரண்டு.
மூன்று நாள்.

தேவாலயத்தில் இதைத்தான் சொன்னேன்.
சொல்லிவிட்டு, அவருக்காக,
"நாற்பத்து நான்கு பாயிண்ட்" என்றேன்.

பின்வரிசையில் கோதுமைக்காரர்கள் நிமிர்ந்தார்கள்.
விதைப்புக்குப் போதாது
என்றார் ஒருவர், தொப்பியைப் பார்த்தபடி.